எத்தனை லிட்டர்னு மட்டும் கேட்காதீங்க!

உங்கள்ல எத்தனை பேர் ஐ.வி. போயிருக்கீங்க? விடிய விடிய பாட்டு, டான்ஸ், அந்தாக்ஷரினு பஸ்ஸே குலுங்கியிருக்கும். அந்த பஸ்ல வந்த உங்க க்ளாஸ் பொண்ணுங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. 'வண்டியில ஏறினதுல இருந்து எவ்வளவு தண்ணி குடிச்சே?' 'ரெண்டு மடக்கு'னு பதில் வரும். ஏன்னு கேட்டா சிரிச்சுக்கிட்டே பேச்சை மாத்திடுவாங்க. பசங்களுக்கு ரோட்டோரப் புளியமரம் போதும். எங்களுக்கு அடுத்த நல்ல ஹோட்டல் வர்ற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்றதைத் தவிர வேற வழி?

அதனாலதான், 2024-ல் எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்கு எங்க மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டே ரோபோ, ட்ரோன், சோலார் என்று கிளம்பியபோது, நான் மட்டும் கக்கூஸ் டேங்க்கைக் கையில் எடுத்தேன்.

சிரிச்சாச்சா? ஓகே. எங்க க்ளாஸ் 60 பேரும் சிரிச்சு முடிக்க ஒரு வாரம் ஆச்சு. கடைசி பெஞ்ச் எனக்கு வெச்ச பேரை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. விடுங்க!

விஷயம் இதுதான். கரூர்ல பஸ் பாடி கட்டுற ஷெட்கள் எவ்வளவு ஃபேமஸ்னு உங்களுக்கே தெரியும். அப்படி ஒரு ஷெட் என் மாமாவுக்குத் தெரிஞ்ச இடம். அங்கே ஒரு பழைய காலேஜ் பஸ் வந்து நின்றது. ஈரோடு பக்கத்து விவசாயக் குடும்பம் ஒண்ணு ஏலத்துல எடுத்தது. மொத்தம் ஏழு பேர். அதுல முட்டி தேய்ஞ்ச ஒரு பாட்டி. பாட்டிக்கு ராமேஸ்வரம் போகணும், காசி வரைக்கும் கூடப் போகணும். ஆனா வழியில பாத்ரூமுக்காக மூணு படி இறங்கி ஏற முடியாது. 'சினிமாக்காரங்க கேரவன் மாதிரி பண்ணிக் குடுங்க'னு மகன் கேட்டார். கட்டில், கிச்சன், ஏ.சி. எல்லாம் ஷெட்டுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனா உள்ளே பாத்ரூம் வெச்சா, அந்தத் தண்ணி எங்கே போகும்? அங்கேதான் எல்லோரும் ஙே என்று முழிச்சாங்க. 'மெக்கானிக்கல் படிக்கிற புள்ள ஒண்ணு இருக்கு'னு மாமா என்னைக் கோத்துவிட்டார்.

முதல் நாள் நான் போட்ட டிராயிங்கைச் சொன்னா நீங்களே அசந்துடுவீங்க. ஒரே டேங்க். 500 லிட்டர். இரும்புத் தகடு. பின் சக்கரத்துக்கும் பின்னாடி, வால் பகுதியில் தொங்கும். பெரிய டேங்க், அடிக்கடி காலி பண்ண வேண்டாம், சிம்பிள்! பெருமையா ஃபோர்மேன் அண்ணாகிட்ட நீட்டினேன். பத்தாவது வரைக்கும் படிச்சவர், முப்பது வருஷமா வெல்டிங் புகையிலயே நிற்கிறவர்.

"ஏனம்மிணி, 500 லிட்டர்னா வெயிட்டு என்ன வரும்?"

"தண்ணின்னா 500 கிலோண்ணா. டேங்க் வெயிட் தனி."

அவர் ஒண்ணும் பேசலை. ரெண்டு செங்கல்லைத் தள்ளித் தள்ளி வெச்சு, மேலே ஒரு மர ரீப்பரைப் போட்டார். பின் செங்கல்லைத் தாண்டி நீட்டிக்கிட்டிருந்த முனையில மூணாவது செங்கல்லை வெச்சார். முன்பக்கம் 'டக்'னு தூக்கிடுச்சு.

"இதான் ஸ்டியரிங் இருக்கிற பக்கம். டிரைவருக்கு வண்டி பஞ்சு மாதிரி போகும். அப்புறம் ஏதாவது ஹோட்டல் மேட்டுல ஏறும்போது வால் தரையில தட்டும். தட்டினா உள்ளே இருக்கிறது எங்கே கொட்டும்னு நீங்களே யோசிங்க."

யோசிச்சேன். வேண்டாம், நீங்க யோசிக்காதீங்க. மொமென்ட்டுக்கு நாலு செமஸ்டர் முன்னாடியே எக்ஸாம் எழுதி 81 மார்க் வாங்கியவள் நான்!

அப்புறம்தான் ஒழுங்கா உட்கார்ந்து கணக்கு போட்டேன். அமெரிக்காவுல பழைய ஸ்கூல் பஸ்ஸை வாங்கி வீடா மாத்துறது ஒரு பெரிய கிறுக்கு. அதுக்கு 'ஸ்கூலி'னு செல்லப் பேரே உண்டு. அவங்க கழிவை ரெண்டாப் பிரிக்கிறாங்க. சிங்க், குளியல் தண்ணி ஒரு டேங்க். டாய்லெட் தண்ணி இன்னொரு டேங்க். எங்க ஷெட் பாஷையில 'சோப்புத் தண்ணி டேங்க்', 'கக்கூஸ் டேங்க்'. ஏன் பிரிக்கணும்? சோப்புத் தண்ணியை எந்த வீட்டு பாத்ரூம் குழியிலும் இறக்கிடலாம். டாய்லெட் தண்ணிக்கு அந்தச் சலுகை கிடையாது. ரெண்டையும் கலந்துட்டீங்கன்னா, 500 லிட்டரும் டாய்லெட் தண்ணிதான். ஒரு குடம் பால்ல ஒரு சொட்டு... அதே கதை.

ஆனா அவங்க கணக்கை அப்படியே காப்பி அடிக்க முடியாது. அங்கே பேப்பர், இங்கே மக். ஏழு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு அஞ்சு தடவை, தடவைக்கு 2 லிட்டர்னு வெச்சா 70 லிட்டர். காலால அமுக்கிற பெடல் டாய்லெட்டா இருந்தாதான் இது சாத்தியம். வீட்டு ஃபிளஷ் டேங்க்கை பஸ்ல வெச்சீங்கன்னா ஒவ்வொரு தடவையும் ஆறு லிட்டர், எட்டு லிட்டர்னு குடிச்சுத் தள்ளிடும். மனுஷங்க கொடுக்கிறதையும் சேர்த்தா ஒரு நாளைக்குச் சுமார் 85. ரெண்டு நாளைக்கு 170. குளியல் ஆளுக்கு 15 லிட்டர், பாத்திரத்துக்கு ஒரு 30, ஆக ஒரு நாளைக்கு 135. ரெண்டு நாளைக்கு 270. அதனால கக்கூஸுக்கு 200 லிட்டர், சோப்புத் தண்ணிக்கு 300 லிட்டர்னு முடிவு பண்ணினேன். நல்ல தண்ணி டேங்க் 400-க்கு மேல வேணும். உள்ளே போறதுதானே வெளியே வரும்? நல்ல தண்ணியை 800 லிட்டர் ஏத்திக்கிட்டு, கழிவு டேங்க்கை 200-ல கட்டுறவங்க இருக்காங்க. மீதி 600 லிட்டர் ஆவியாப் போயிடும்னு நம்புறாங்களோ என்னவோ!

இன்னொரு வழியும் இருக்கு. கையில தூக்கிட்டுப் போற பெட்டி மாதிரி சின்ன டேங்க், 20 லிட்டர் பிடிக்கும். நிறைஞ்சதும் உருவிட்டுப் போய் ஏதாவது டாய்லெட்ல கவிழ்க்கலாம். ரெண்டு பேர் வேன்ல சுத்தினா அருமையான ஐடியா. ஏழு பேருக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை தூக்கணும். யார் தூக்குவா? வண்டியில கூட வர்ற க்ளீனர் பையன்தான். இந்த 'யார்' என்கிற கேள்வி அப்பவே எனக்குள்ள மணியடிச்சிருக்கணும். அடிக்கலை.

எடம் பிடிக்கிறது தனி யுத்தம். பஸ்ஸுக்கு அடியில படுத்துப் பாருங்க, ஒரு ஊரே இருக்கும். டீசல் டேங்க், பேட்டரி, பிரேக்குக்கான ஏர் டேங்க்குகள், ஸ்டெப்னி. கடைசியில முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல, பழைய லக்கேஜ் டிக்கி இருந்த இடத்துல, இடது பக்கம் ஒண்ணு வலது பக்கம் ஒண்ணுன்னு பிரிச்சோம். இரும்பு உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும்னு தள்ளிட்டோம். எஸ்.எஸ். போடலாம்னா காசு எகிறுது. அதோட, நாத்தத்துக்குப் பயந்து யாராவது பிளீச்சிங் பவுடரைக் கொட்டினா 304 ஸ்டீல்ல புள்ளி புள்ளியா அரிச்சுடும். மொட்டை மாடியில நிக்கிற கறுப்பு டேங்க்கைப் படுக்கப் போட்டுக் கட்டிடலாம்னு ஒரு வெல்டர் தம்பி சொன்னான். அது உட்கார்றதுக்குப் பிறந்தது, தொங்குறதுக்கு இல்லை! ஷெட்லயே பஸ் முகப்பு வார்க்கிற ஃபைபர் ஆளுங்க இருந்தாங்க. அவங்களை வெச்சு ஃபைபர்ல ரெண்டு டேங்க், சுத்தி இரும்புக் கூண்டு. ரெண்டுக்கும் கூரை வரைக்கும் காத்துக் குழாய். அது இல்லேன்னா கேஸ் பாத்ரூமுக்குள்ளயே வரும்.

நடுவுல என் கதை ஒண்ணு. ஷெட்ல 40 ஆம்பளைங்க, நான் ஒருத்தி. பின்னாடி ஒரு பாத்ரூம். அதுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பஸ்ல பொண்ணுங்க தண்ணி குடிக்கிறதில்லைன்னு ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல இன்ட்ரொடக்ஷன் எழுதினவ, காலை ஒன்பதுல இருந்து அஞ்சு மணி வரைக்கும் சொட்டுத் தண்ணி குடிக்காம அதே ரிப்போர்ட்டை எழுதினேன். நாலு மணி டீயைக் கூட 'வேண்டாம்ணா, பழக்கமில்லை'ன்னுடுவேன். ஒரு நாள் காலையில போய்ப் பார்த்தா, கதவுல புத்தம் புது இரும்புத் தாழ்ப்பாள். யார் வெச்சாங்க, எப்போ வெச்சாங்கன்னு ஒருத்தரும் வாயைத் திறக்கலை. அன்னைக்கு நாலு மணிக்கு ஃபோர்மேன் அண்ணா கேட்காமலே ஒரு டீயை என் டிராயிங் மேல வெச்சுட்டுப் போனார். வட்டமா ஒரு கறை. அந்த ஷீட்டை இன்னும் வெச்சிருக்கேன்.

சரி, இப்போ என் பல்பு எபிசோடுக்கு வருவோம்.

கக்கூஸ் டேங்க் ஒரு மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம், 25 சென்டிமீட்டர் உயரம். பெருக்கிப் பாருங்க, கரெக்ட்டா 200 லிட்டர். அடிப்பாகம் சமதளம். வெளியேத்துற பைப் ரெண்டரை இஞ்ச். ஒரு ஏர் டேங்க் கிளாம்ப் குறுக்கே நின்னதால ரெண்டு எல்போ போட்டு வளைச்சு வெளியே கொண்டு வந்தேன். ஃபோர்மேன் அண்ணா குனிஞ்சு பார்த்துட்டு, "வாட்டம் இல்லியே அம்மிணி" என்றார்.

கொத்தனார், பிளம்பர் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க. தண்ணி ஓடுற எதுக்கும் வாட்டம் வேணும். அடிக்குக் கால் இஞ்சாவது சரியணும். எனக்கும் தெரியும். ஆனா வாட்டம் கொடுத்தா 200 லிட்டர் 170 ஆயிடும். "கெபாசிட்டி குறையும்ணா"ன்னு சொன்னேன். ப்ராஜெக்ட் டைட்டில்லயே 200 லிட்டர்னு போட்டு ஹெச்.ஓ.டி. கையெழுத்தும் வாங்கியாச்சு. அவர் தோளைக் குலுக்கிட்டுப் போயிட்டார்.

பிப்ரவரியில அந்தக் குடும்பம் ட்ரையல்னு வண்டியை எடுத்துட்டுப் போய் அவங்க தோட்டத்துல மூணு நாள் நிறுத்தி, உள்ளேயே தங்கினாங்க. தோட்ட வீட்டுல செப்டிக் டேங்க் இருந்தது. டிரைவர் புத்திசாலித்தனமா ஹோஸை அதுல விட்டு, ரெண்டு வால்வையும் திறந்தே வெச்சுட்டார். வீடு மாதிரியே தானா ஓடிடும்ல?

ஓடும். தண்ணி மட்டும் ஓடும். மத்தது அப்படியே குந்திக்கும். மூணு நாள்ல டாய்லெட்டுக்கு நேர் கீழே ஒரு சின்ன மலை எழும்பிடுச்சு. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க மன்னிச்சுக்கோங்க. சோப்புத் தண்ணி வால்வைத் திறந்து வைக்கலாம், தப்பில்லை. கக்கூஸ் வால்வு மட்டும் நிறையற வரைக்கும் மூடியே இருக்கணும். நிறைய தண்ணியோட மொத்தமா இறங்கினாதான் எல்லாத்தையும் அடிச்சுக்கிட்டுப் போகும். இதை நான் டிரைவர்கிட்டச் சொல்லவே இல்லை. ரிப்போர்ட்ல 14-ம் பக்கத்துல எழுதியிருந்தேன். ரிப்போர்ட்டை டிரைவர் படிப்பாரா என்ன?

வண்டி ஷெட்டுக்குத் திரும்பி வந்து நின்னது. பெடலை அமுக்கினா எதுவும் இறங்கலை. வெளியே பைப்பைத் திறந்தா ஒரு சொட்டு வரலை. எல்போ ரெண்டும் அடைச்சு இறுகிப் போச்சு. முதலாளி மூக்கைப் பொத்திக்கிட்டு வந்து பார்த்துட்டுச் சொன்னார்.

"டேய், அவனைக் கூப்பிடுங்கடா."

'அவன்'னா ஷெட்டைப் பெருக்குற தாத்தா. அறுபது வயசுக்கு மேல இருக்கும். இருபது வயசு வெல்டர் கூட அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான், 'வா, போ'தான். ஏன் அவரை மட்டும் அப்படிக் கூப்பிடுறாங்கன்னு யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லவும் வேண்டியதில்லை, நம்ம ஊர்தானே? முதலாளி சொன்ன உடனே அங்கே நின்ன அத்தனை கண்ணும் ஒரே திசையில திரும்புச்சு. என் கண்ணும்தான். அதைத்தான் என்னால மறக்க முடியலை.

தாத்தா துடைப்பத்தைச் சாத்தி வெச்சுட்டு வந்தார். என்ன வேலைன்னு கூடக் கேட்கலை. வேட்டியை மடிச்சுக் கட்டினார்.

"இருங்க" என்றார் ஃபோர்மேன் அண்ணா. "டிராயிங் போட்டது யாரு?"

ஷெட்ல ஒரு கிரைண்டர் சத்தம் கூட இல்லை. நான்தான்னு கையைத் தூக்கினேன், க்ளாஸ்ல அட்டெண்டன்ஸுக்குத் தூக்குற மாதிரி.

"அப்ப நீங்களும் நானும் பார்ப்போம் அம்மிணி. அவரு போயி டீ குடிக்கட்டும்."

எப்படிச் சரி பண்ணோம்னு கேட்டா சிரிப்பீங்க. மேல டாய்லெட் வழியா 100 லிட்டர் தண்ணியை ஊத்தி, வால்வை மூடி, ராத்திரி முழுக்க ஊற விட்டோம். காலையில பஸ்ஸை எடுத்துக்கிட்டு குளித்தலை ரோட்டுல ஒரு டிரைவ்! டேங்க் உள்ளே தடுப்புத் தகடு எதுவும் இல்லாததால தண்ணி முன்னாலயும் பின்னாலயும் அலையடிச்சு மலையைக் கரைச்சுது. தண்ணி லாரிக்குள்ள தடுப்பு வெச்சிருப்பாங்களே, அது இப்படி அலையடிச்சு வண்டியைத் தள்ளாம இருக்கத்தான். அன்னைக்கு மட்டும் என் மறதி எனக்கு உதவி பண்ணுச்சு. நான் பாத்ரூம் தரையில காதை வெச்சு 'சளக் சளக்' கேட்டுக்கிட்டே போனேன். வாழ்க்கையில நான் போன முதல் லாங் டிரைவ் அதுதான்.

டேங்க் கரைஞ்சது. எல்போ கரையலை. செப்டிக் டேங்க் லாரியை வரவெச்சு, மேல இருந்து முடிஞ்ச வரைக்கும் உறிஞ்ச வெச்சுட்டு, நான் அடியில படுத்து, கிளவுஸ், மாஸ்க் போட்டு அந்த எல்போவைக் கழட்டினேன். ரெண்டு தடவை ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். மூணாவது தடவை எடுக்க ஒண்ணும் மிச்சமில்லை.

லாரி ஹெல்பர் அண்ணா ஹோஸைப் பிடிச்சுக்கிட்டே என்னைப் பார்த்துச் சிரிச்சார். "மொத தடவைங்களா?" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு டேங்க்கைச் சுத்திச் சுத்திப் பார்த்தார்.

"ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டு டேங்க்கா இருக்கட்டும், ஆபீஸ் டேங்க்கா இருக்கட்டும், கட்டுறவங்க ஒருத்தரும் எங்களைக் கேட்டுக் கட்டுறதில்ல. மூடியைச் சுவத்துக்கு அடியில வெப்பாங்க, மேல டைல்ஸை ஒட்டிடுவாங்க. அப்புறம் கையை விடு, காலை விடும்பாங்க. எங்க ஹோஸ் நேரா மாட்டுற மாதிரி வெளிய ஒரு வாய் வெச்சுடுங்க. நாங்க மாட்டுவோம், உறிஞ்சுவோம், போயிருவோம். கையே படாது."

நான் ஒரு மாசமா எத்தனை லிட்டர், எந்த மெட்டீரியல், எங்கே தொங்கணும்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன். கடைசியில அதைத் தொடப் போறவர் யார்னு ஒரு தடவை கூட யோசிக்கலை. அமெரிக்காவுல கேம்ப் கிரவுண்டுக்குப் போனா கழிவை இறக்கறதுக்குன்னே தனி இடம் இருக்கும், மூணு இஞ்ச் வாய்தான் அங்கே வழக்கம். அதைப் படிச்சுட்டு நானும் ஒரு பைப்பை நீட்டி விட்டிருந்தேன். நம்ம ஊர்ல பஸ் எங்கே போய் இறக்கும்? இந்த அண்ணாவோட லாரிதான் நமக்கு அது. அப்போ டேங்க்கோட வாய் அவர் ஹோஸுக்குத்தானே பொருந்தணும்?

நான் கை கழுவ எழுந்தப்போ தாத்தாதான் குடத்துல இருந்து தண்ணி ஊத்தினார். "நான் ரெண்டு நிமிஷத்துல முடிச்சிருப்பேன் பாப்பா, இதுக்கு எதுக்கு நீ இவ்ளோ கஷ்டப்பட்டே?" என்று கேட்டார். நிஜமாவே புரியாமத்தான் கேட்டார். எனக்கு ஒரு பதிலும் வரலை. சோப்பை மறுபடி மறுபடி தேய்ச்சுக்கிட்டே இருந்தேன்.

அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து படிச்சேன். கையால மலம் அள்ள ஆள் வைக்கிறதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் வந்திருக்கு. பாதுகாப்புக் கவசம் இல்லாம செப்டிக் டேங்க்லயோ பாதாளச் சாக்கடையிலயோ வேலை செய்ய வெச்சாலே குற்றம். அப்படி இறங்கி இறந்தவங்க குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய்னு 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு. 2023 அக்டோபர்ல அதையே 30 லட்சம் ஆக்குச்சு. தொகையை ஏத்த வேண்டியிருக்குன்னா, சாவு நிக்கலைன்னுதானே அர்த்தம்? உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமா இருந்தா அழுகின முட்டை நாத்தம் அடிக்கும். அதிகமானா மூக்கையே மரத்துப் போக வெச்சுடும், நாத்தம் தெரியாது. நாத்தம் போயிடுச்சேனு நினைக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம். கெமிஸ்ட்ரி லேப்ல இதே கேஸைத் தயாரிச்சு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கும்மாளம் போட்டவங்கதான் நாம.

மறுநாள் ரெண்டாவது டேங்க்குக்கு டிராயிங் போட்டேன். இந்தத் தடவை வெளியே வர்ற வாய்ல ஆரம்பிச்சு, டாய்லெட் வரைக்கும் பின்னோக்கி. பஸ் பக்கவாட்டுல ஒரு சின்னக் கதவு. அதைத் திறந்தா லாரி ஹோஸ் நேரா மாட்டுற நாலு இஞ்ச் வாய். எல்போ கிடையவே கிடையாது. குறுக்கே நின்ன ஏர் டேங்க் கிளாம்ப்பை ஃபோர்மேன் அண்ணா முணுமுணுத்துக்கிட்டே நகர்த்திக் கொடுத்தார். அடிப்பாகம் வாய்ப்பக்கமாச் சரியும், வாட்டம் தாராளம். உள்ளே ஒரு தடுப்புத் தகடு, கீழே இடைவெளியோட. மேல் பக்கம், பஸ் தரையைத் திறந்தா டார்ச் அடிச்சுப் பார்க்கிற மாதிரி ஒரு மூடி. டேங்க் உள்ளேயே தண்ணி பீய்ச்சுற ஒரு குழாய், வெளியே இருந்து தோட்டத்து ஹோஸை மாட்டினா தானே கழுவிக்கும். லெவல் காட்ட எலெக்ட்ரானிக் சென்சார் வைக்கலை. அழுக்குப் படிஞ்சா காலி டேங்க்கையும் ஃபுல்னு காட்டும்னு எல்லோரும் புலம்பியிருந்தாங்க. சோப்புத் தண்ணிக்கு வெளியே ஒரு கண்ணாடி மாதிரி ஹோஸ், கக்கூஸுக்கு மூடியைத் திறந்து டார்ச். வால்வு பக்கத்துல சிவப்பு பெயின்ட்ல, தமிழ்ல: 'நிறையும் முன் திறக்காதே'.

கொள்ளளவு 165 லிட்டர். கணக்குக்கு 5 லிட்டர் குறையுது. பரவாயில்லை, ரெண்டாம் நாள் சாயங்காலமே லாரியைக் கூப்பிட்டா ஆச்சு. இதுக்குன்னே 14420-னு ஒரு நம்பர் இருக்கு. செல்லுல போட்டு வெச்சுக்கோங்க, வீட்டுக்கும் உதவும். அப்படியே எங்கே கொண்டு போய்க் கொட்டுறீங்கன்னும் கேளுங்க. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில இருக்கிற மாதிரி, செப்டிக் டேங்க் கழிவுக்குன்னே கட்டின சுத்திகரிப்பு நிலையம் பக்கத்துல எங்கே இருக்குன்னு பார்த்து ரூட் போடுறது, ஹோட்டல் ரிவ்யூ பார்த்து ரூட் போடுறதை விட முக்கியம். வண்டியை மாத்தினதுக்கு ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கினது ஒரு தனி மெகா சீரியல், அது இங்கே வேண்டாம்.

வைவா நாள். எக்ஸ்டர்னல் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "டைட்டில்ல 200 லிட்டர்னு இருக்கு. ஃபைனல் டிசைன் 165. கெபாசிட்டி குறைஞ்சிருக்கே, இது எப்படி இம்ப்ரூவ்மென்ட்?"

செங்கல் கதையில இருந்து ஆரம்பிச்சு எல்போ வரைக்கும் சொன்னேன். வாந்தியை மட்டும் எடிட் பண்ணிட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "க்ளீனிங் ப்ரொசீஜர்னு தனி சாப்டர் போட்டிருக்கணும்" என்றார். மார்க் ஓகேதான். சூப்பர்னு சொல்ல மாட்டேன். ரோபோ பசங்களுக்குத்தான் அவார்டு. அந்த ரோபோ டெமோ அன்னைக்கு நகரவே இல்லைங்கிறது வேற விஷயம், ஹி... ஹி...

அந்த வருஷம் மே மாசம் வண்டி ராமேஸ்வரம் போச்சு. போன ரெண்டாம் நாள் எனக்கு ஒரு போன். பாட்டி!

"அம்மிணி, 22 தீர்த்தத்துலயும் குளிச்சுட்டேன்."

"சூப்பர் பாட்டி! பாத்ரூம் எல்லாம் சௌகரியமா இருக்கா?"

"அதெல்லாம் இருக்குது. வெயிலுக்கு நேத்து மட்டும் நாலு சொம்பு தண்ணி குடிச்சேன். ஆனா அந்த பெடலு இருக்குதே, கெட்டிக் கெட்டியா இருக்குது. அமுக்க அமுக்க முட்டி வலிக்குது. அதைக் கையால இழுக்கிற மாதிரி மாத்திக் குடுக்க மாட்டியா?"

முட்டி வலிக்காகக் கட்டின பஸ்ல, காலால அமுக்குற பெடல்! அடுத்த சனிக்கிழமை ஒரு கிளட்ச் கேபிளையும் ஒரு லீவரையும் வாங்கிக்கிட்டுக் கரூருக்கு பஸ் ஏறினேன்.